நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு... ஆனால் முயலைச் சுட்டால் ஜெயில்! எப்படி?

தலையில் டார்ச் லைட் கட்டிய இரண்டு பேர். ஒரு பைக். சாக்குப் பையில் இரண்டு முயல். கூடவே ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு நாட்டுத் துப்பாக்கி. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி பக்கத்துச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிற காட்சிதான் இது.

செய்தி வந்ததும் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். "ஒரு முயலுக்குப் போய் இவ்வளவு பெரிய கேஸா?" என்பது ஒன்று. "துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் இருக்கே, அப்புறம் என்ன?" என்பது இன்னொன்று. பலர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

நாட்டுத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது?

லைசென்ஸ் புத்தகத்தில் இதை 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதுவார்கள். ஒற்றைக் குழல், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்று அர்த்தம். தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் நார் அல்லது துணியைத் தக்கையாக வைத்து, நீளக் கம்பியால் இடித்து, பிறகு 'ரவை' எனப்படும் சின்ன ஈயக் குண்டுகளைப் போட்டு, மறுபடி ஒரு தக்கை வைக்க வேண்டும். பின்பக்கம் ஒரு கேப். விசையை இழுத்தால் குதிரை கேப்பின்மேல் அடிக்கும், நெருப்பு உள்ளே போய் மருந்து பற்றும்.

ஒரு தடவை சுட்டால் அவ்வளவுதான். அடுத்த வெடிக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் முயல் அடுத்த ஊருக்கே போயிருக்கும். மழை பிடித்து மருந்து நமுத்துவிட்டால் அந்த ஒரு வெடியும் சந்தேகம்தான்.

ரைஃபிளின் குழலுக்குள் திருகு திருகாகக் கோடுகள் இருக்கும். குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போக அதுதான் காரணம். நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. ரவைகள் வெளியே வந்ததும் கைப்பிடி அரிசியை வீசியது மாதிரி விரிந்துவிடும். ஓடுகிற முயல், எழும்புகிற கவுதாரி, காடை மாதிரி சின்ன இலக்குக்கு இந்த விரிப்புதான் வசதி. குறி கொஞ்சம் தப்பினாலும் நாலு ரவையாவது படும்.

ஆனால் எல்லாம் சுமார் 30 மீட்டருக்குள்தான். குழல் சிறுத்தால் அதில் போடும் ரவையும் குறையும், இன்னும் கிட்டப் போக வேண்டும். அந்தத் தூரத்தைத் தாண்டினால் பிராணி சாகாது. காயத்தோடு புதருக்குள் போய் நாள்கணக்கில் கிடந்து சாகும்.

ஒரு காலத்தில் இதற்கு லைசென்ஸ் கொடுத்தார்கள்!

இது நிறையப் பேருக்குத் தெரியாது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒரேயடியாக மூடவில்லை. பெரிய வேட்டை, சின்ன வேட்டை என்று பிரித்துத் தனித்தனி லைசென்ஸ் வைத்திருந்தது. முயல், கவுதாரி, காடை எல்லாம் 'சின்ன வேட்டை' பட்டியலில் இருந்தவை. கட்டணம் கட்டி, அனுமதி வாங்கி, குறிப்பிட்ட காலத்தில் சுடலாம்.

1991-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதோடு வேட்டை லைசென்ஸ் என்ற ஏற்பாடே போய்விட்டது. துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் அப்படியே நின்றது. காரணம், அது வேறு சட்டம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிரைக் காப்பாற்றுகிற உண்மையான தேவைக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஆக, துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க ஒரு சட்டம் அனுமதிக்கிறது. அதை வைத்து எதையும் வேட்டையாடக் கூடாது என்று இன்னொரு சட்டம் தடுக்கிறது. லைசென்ஸைக் காட்டினால் ஆயுதச் சட்ட வழக்கிலிருந்து தப்பலாம், வன வழக்கிலிருந்து முடியாது.

சரி, சுட்டால் என்ன ஆகும்?

முயலைச் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அபராத உச்சவரம்பு முன்பு 25,000 ரூபாயாக இருந்தது. 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த திருத்தம்தான் உயர்த்தியது.

மயிலோ உடும்போ என்றால் கதையே வேறு. இரண்டும் முதல் அட்டவணையில் உள்ளவை. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 'உடும்புக் கறி உடம்புக்கு நல்லது' என்று நம்பிக்கொண்டு துப்பாக்கி தூக்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

துப்பாக்கி மட்டுமல்ல, வேட்டைக்குப் பயன்படுத்திய பைக்கும் போகும். கறியை வாங்கி வைத்திருப்பவரும் குற்றவாளிதான், ஏனென்றால் சட்டப்படி அந்த இறைச்சி அரசாங்கச் சொத்து. (ஹோட்டலில் காடை விற்கிறார்களே என்று கேட்கலாம். அது பண்ணையில் வளர்க்கும் ஜப்பான் காடை.)

துப்பாக்கிக்கு லைசென்ஸே இல்லை என்றால் ஆயுதச் சட்டம் தனியாக வரும். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

பயிரைக் காப்பாற்றத்தானே சுட்டேன்?

விவசாயிகள் தரப்பில் இது நியாயமான கேள்வி. பாம்பு, சிறுத்தை போல உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை. ஆனால் கடலைக்காட்டை மேய்கிற முயலும் பன்றியும் அந்த விலக்கில் வராது. சில வகை விலங்குகள் பயிரை அழித்தால் சுட உத்தரவு போடலாம், ஆனால் உத்தரவு வனத்துறையிடமிருந்து எழுத்தில் வர வேண்டும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடிக்க மட்டும் செய்யலாம். 3 கி.மீ. தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். கேரளா 2022-ல் வேறு பாதையில் போனது. உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் வைத்திருப்பவர்களைக் கொண்டு பன்றியைச் சுட வழி செய்தது. இங்கே லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயி இன்னும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் குடகில் கொடவ சமூகத்தினருக்குத் துப்பாக்கி லைசென்ஸே தேவையில்லை. 2029 வரை அந்த விலக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களும் முயலைச் சுட முடியாது.

சாவது முயல் மட்டுமல்ல

நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துவிட்டால் அதை எடுப்பது லேசான காரியம் அல்ல. தோட்டாத் துப்பாக்கி மாதிரி சட்டென்று உருவிப் போட முடியாது. பெரும்பாலும் சுட்டுத்தான் காலி செய்வார்கள். அதனால் வேட்டை கிடைக்காத இரவுகளில் பலர் கெட்டித்த துப்பாக்கியோடுதான் வீடு திரும்புகிறார்கள். பைக் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது குதிரை தட்டினால் போதும். காலையில் பரணில் இருப்பதைக் குழந்தை எடுத்தாலும் போதும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பது இன்னொரு தப்பு. மருந்து சில நொடி தாமதமாகப் பற்றுவது இந்த வகைத் துப்பாக்கியில் நடப்பதுதான். ஏற்கெனவே கெட்டித்ததை மறந்து இன்னொரு தடவை மருந்து போட்டால், குழலே கிழிந்து முகத்துக்கு வரும்.

ஈய ரவைக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ் போடுகிறார்கள். இரும்பு நசுங்காது. பாறையில் பட்டால் தெறித்து வேறு பக்கம் பாயும். இரவில் புதருக்குள் அசைவது முயலா, கூட வந்த ஆளா என்று தெரியாமல் சுட்டு உயிர் போன வழக்குகள் மலைப்பகுதிக் காவல் நிலையங்களுக்குப் புதிதல்ல. ஈயம் போட்டாலும் சிக்கல் தீராது. கறியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும் ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியை நேராகப் பாதிக்கும்.

நரிக்குறவர்கள் நிலை என்ன?

தமிழ்நாட்டில் சின்ன வேட்டை என்றதும் நினைவுக்கு வருவது நரிக்குறவர் சமூகம். நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியும்தான் அவர்களின் பிழைப்பாக இருந்தன. 1991-க்குப் பிறகு அந்தத் தொழில் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பாசிமணி, ஊசி வியாபாரம்தான் மிச்சம். பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் 31 வருஷம். வேட்டையைத் தடுத்த வேகத்தில் மாற்றுத் தொழில் வரவில்லை என்பதே உண்மை.

வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருக்கிறதா?

லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்து, அவர் இறந்துவிட்டால், துப்பாக்கி தானாக வாரிசுக்கு வராது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வேண்டுமென்றால் அதன் பிறகு வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால், தாமாக ஒப்படைப்பவர்கள்மீது வழக்கு இல்லை என்று மலை மாவட்டங்களில் போலீசார் அவ்வப்போது அவகாசம் கொடுக்கிறார்கள். அந்த நாட்களில் ஊர் எல்லையிலும் சாலையோரத்திலும் யாரோ இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போன துப்பாக்கிகள் வரிசையாகக் கிடக்கும்.