கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், வாத்தியாரே!

"கண் இரண்டையும் விட்டுவிட்டு, மீதித் தோலை உரித்துவிடுங்கள், வாத்தியாரே!"

பையனைப் பள்ளியில் சேர்த்துவிட்டு நம் தகப்பன்மார் பெருமையோடு சொன்ன வாசகம் இது. சொன்னவர் கொடியவரல்லர். பிள்ளை நாலெழுத்துப் படிக்க வேண்டுமே என்ற துடிப்பிலே சொன்னவர். அடியாத மாடு படியாதாம்! மாட்டுக்குச் சொன்னதை மகனுக்கும் வைத்துக்கொண்டோம்.

ஆலை வேலை முடிந்து, உடல் ஓய்ந்து வீடு திரும்புகிறார் தோழர். வாசலிலேயே காத்திருக்கிறது புகார். "உங்கள் மகன் ஓரிடத்தில் உட்காருவதில்லை. கேள்வியை முடிக்குமுன்பே பதிலைக் கத்துகிறான். நோட்டைத் தொலைக்கிறான். பக்கத்துப் பையனைச் சீண்டுகிறான். வேறு பள்ளி பாருங்கள்." பிறகென்ன? பெல்ட்டைக் கழற்றுகிறார். மறுநாளும் பையன் அப்படியே, மறுபடியும் பெல்ட். சில ஆண்டுகளில் அவன் ஏதோ ஒரு பட்டறையில் எடுபிடி. "படிப்பு ஏறவில்லை" என்று ஊர் தீர்ப்பெழுதிவிடும்.

ஏறவில்லையா? நமக்கு ஏற்றத் தெரியவில்லையா?

1902-ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மருத்துவர் சபை முன்னே மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவிலே குறையில்லை; வளர்ப்பிலும் குறை காணோம்; ஆயினும் தம்மை அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகள் சிலரைப் பற்றிப் பேசினார். தண்டித்த சில மணி நேரத்திலேயே அதே தவற்றைத் திரும்பச் செய்தார்கள் என்றார். "ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை" என்றுதான் பெயர் வைத்தார். அந்தக் காலத்தவருக்கு ஒழுக்கத்தை விட மனம் வரவில்லை! ஆனாலும், அடி பலிக்காத பிள்ளை உண்டு என்பதை அன்றே எழுதி வைத்துவிட்டார்.

1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பென்செட்ரின் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 14 பேர் பாடத்தில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். ஊக்க மருந்து துள்ளுகிற பிள்ளையை அமர வைத்தது! "கணக்கு மாத்திரை" என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் சூட்டினார்கள். கொழுப்பும் திமிருமே காரணமென்றால் மாத்திரை என்ன செய்யும்? மூளையில் கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் பகுதி பிந்தி இயங்குகிறது, அதுதான் செய்தி.

கவனக்குறைவு – மிகைத்துடிப்புக் கோளாறு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., என்கிறார்கள் இன்று. உலகில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு உண்டு. பெரும்பாலும் குடும்பவழி வருவது. பெல்ட்டை ஓங்கும் தகப்பனே சிறுவயதில் இப்படித்தான் இருந்தாரோ, என்னவோ! துள்ளாமல், சன்னலைப் பார்த்துக் கனவு காணும் பெண்பிள்ளைக்கும் இது இருக்கலாம்; அவளைப் பற்றிப் புகார் வருவதில்லை, ஆகவே யாரும் கவனிப்பதுமில்லை. குறும்பெல்லாம் கோளாறன்று. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வீடு பள்ளி இரண்டிலும் வாழ்வைக் கெடுத்தால்தான் மருத்துவர் அப்படிச் சொல்வார். காது கேளாமை, கண் குறை, தூக்கமின்மை ஆகியவற்றையும் பார்த்துத்தான் சொல்வார்.

இத்தகைய பிள்ளையை ஓயாது அடித்தால் என்ன ஆகும்? அடங்குவதில்லை, எதிர்க்கிறான். எதற்கும் முரண்டு, பொய், களவு, கைகலப்பு என்று அடுத்த கோளாறுக்கு அடி வழி திறந்துவிடுகிறது. மருத்துவர்கள் பெற்றோருக்குக் கற்றுத்தருவது வேறு: ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்வது, செய்த உடனே பாராட்டுவது, சொன்ன சொல்லை மாற்றாதிருப்பது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் சிகிச்சை இதுதான். மருந்து பிறகு, அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே.

உழைப்பாளி வீட்டுக்கென்றே ஒரு செய்தி உண்டு: ஈயம். ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் பாஸ்டன் நகருக்கருகே பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைத் திரட்டி, 1979-இல் முடிவை வெளியிட்டார். பல்லில் ஈயம் ஏற ஏற, "கவனம் சிதறுகிறது" என்று ஆசிரியர் குறித்த பிள்ளைகளும் பெருகினர். எந்தப் பல்லில் எவ்வளவு என்பது அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாது! எல்லாப் பிள்ளைக்கும் ஈயமே காரணம் என்பதல்ல. ஆனால் பேட்டரிப் பட்டறையில் வேலை செய்யும் தோழர், குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். சட்டையில் ஒட்டிய தூசும் வீடு வந்து சேரும்.

"வேறு பள்ளி பாருங்கள்" என்றவருக்கு விடை சட்டத்திலேயே உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக்கூடாது என்கிறது. அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் சிறார் நலத் திட்டம் இந்தக் கோளாறையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாவட்டத்துக்கென அமைந்த டி.ஈ.ஐ.சி. மையத்தில் பரிசோதனைக்குக் காசில்லை.

ஒரு நாள் கூலி போகும், போகட்டும். புறப்படுமுன் ஆசிரியரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: பையன் வகுப்பில் என்ன செய்கிறான், எத்தனை நாளாக, எந்த வேளையில் அதிகம் என்று. வீட்டில் நடப்பதை மட்டும் கேட்டு மருத்துவர் முடிவு சொல்ல முடியாது.