ஒரு கையில் புத்தகம், மறு கையில் பணப் பை!

அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களின் கதை

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் என்று ஒரு நகரம். அங்கே கார் விற்கும் கடை ஒன்றில் எட் ஓபானன் என்பவர் வேலை பார்த்து வந்தார்.

ஒரு நாள் அவர் நண்பர் வீட்டுக்குப் போனார். நண்பரின் மகன் டெலிவிஷன் பெட்டியின் முன் உட்கார்ந்து வீடியோ ஆட்டம் ஆடிக் கொண்டிருந்தான். கூடைப்பந்து ஆட்டம். ஓபானன் எட்டிப் பார்த்தார். திடுக்கிட்டார்.

பெட்டிக்குள் ஓடிக் கொண்டிருந்தது அவரே!

பெயர் மட்டும் போடவில்லை. மற்றது எல்லாம் அவர்தான். அதே உயரம். அதே மொட்டைத் தலை. பந்து போடுவது இடது கையால். சட்டையில் அவருடைய 31-ம் எண்.

1995-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் அமெரிக்க சாம்பியன் ஆயிற்று. அந்தக் கோஷ்டியின் நட்சத்திரம் ஓபானன். அந்தக் கோஷ்டியைத்தான் ஒரு கம்பெனி வீடியோ ஆட்டத்தில் சேர்த்து, கடை கடையாக விற்றது. கம்பெனிக்குப் பணம் வந்தது. கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கும் பங்கு வந்தது. ஓபானனுக்கு ஒரு காசு கூட வரவில்லை.

2009-ல் அவர் கோர்ட்டுக்குப் போனார். இன்று அமெரிக்கக் கல்லூரி மாணவன் கை நிறையச் சம்பளம் வாங்குகிறான் என்றால், அதற்கு வழி திறந்தவர்களில் இந்தக் கார் வியாபாரியும் ஒருவர்.

லட்சம் பேர் கூடும் மைதானம்

கல்லூரி விளையாட்டுக்கு இத்தனை பணமா என்று கேட்கலாம். நம் ஊரில் கல்லூரிப் பந்தயம் என்றால் நண்பர்கள் நாலு பேர் கை தட்டுவார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரே சமயத்தில் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் உட்காரலாம். ஒரு பட்டணமே வந்து உட்கார்ந்த மாதிரி!

அங்கே அதிகக் கூட்டம் சேர்வது அமெரிக்கக் கால்பந்துக்கு. பெயர்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு ஓடுவார்கள். எதிரிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். அதற்கு அடுத்தது கூடைப்பந்து. கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி ஒன்றை 14 ஆண்டு டெலிவிஷனில் காட்டுவதற்கு மட்டும் 2010-ல் 1,080 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆயிற்று.

இந்தப் பணம் யாருக்குப் போயிற்று? பயிற்சியாளருக்குப் போயிற்று. டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம், கோஷ்டி சரியாக ஆடவில்லை என்று 2023-ல் தன் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்த காலம் முடியவில்லை. அதனால் அவருக்குக் கொடுக்க வேண்டி வந்த தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

ஆட்டக்காரனுக்கோ படிப்புச் செலவு, தங்கும் அறை, சாப்பாடு. அதற்கு உபகாரச் சம்பளம் என்று பெயர். அதற்கு மேல் யாராவது ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால் கூடக் குற்றம்.

விதவை போட்ட வழக்கு

1955-ல் கொலராடோ மாநிலத்தில் ஒரு சம்பவம். ரே டெனிசன் என்ற மாணவர் தன் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடினார். ஆட்டத்தில் தலையில் அடி பட்டது. இறந்து விட்டார்.

அவருக்கு மனைவி இருந்தாள். "என் கணவர் கல்லூரிக்காக உழைத்துச் செத்தார். தொழிலாளி செத்தால் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு உண்டல்லவா? அதைக் கொடுங்கள்" என்பது அவளுடைய வழக்கு.

1957-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை. ஆகவே ஆடியவர் தொழிலாளி அல்ல. நஷ்ட ஈடு கிடையாது.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கம் 1906-ல் ஏற்பட்டது. 1951-ல் அதன் தலைமை நிர்வாகியாக வந்தவர் வால்ட்டர் பையர்ஸ். இப்படிப்பட்ட வழக்குகள் தலை காட்டிய காலத்தில் சங்கம் ஒரு புதுச் சொல்லைக் கண்டு பிடித்தது. "மாணவ ஆட்டக்காரர்" என்பது அந்தச் சொல். அவன் முதலில் மாணவன், பிறகுதான் ஆட்டக்காரன், தொழிலாளி அல்லவே அல்ல என்று அதற்கு அர்த்தம். ஒரே சொல்லை வைத்துக் கொண்டு 50 ஆண்டுக்கு மேல் காலம் தள்ளினார்கள். பையர்ஸ் ஓய்வு பெற்ற பிறகு 1995-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஆட்டக்காரர்களைச் சுரண்டும் ஏற்பாடு இது என்று அதில் அவரே சாடினார்!

வெண்ணெய் தடவக் கூடாது

சங்கத்தின் விதிகள் எவ்வளவு நுணுக்கமானவை என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். சாப்பாட்டு வேளைக்கு நடுவில் மாணவனுக்குப் பசித்தால் பழம் கொடுக்கலாம். கொட்டைப் பருப்பு கொடுக்கலாம். வளையல் மாதிரி இருக்கும் பேகல் ரொட்டி கொடுக்கலாம். ஆனால் ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவிக் கொடுக்கக் கூடாது! உண்மையிலேயே இப்படி ஒரு விதி சில ஆண்டுகள் இருந்தது.

2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் சாம்பியன் ஆயிற்று. அதன் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர். சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவது உண்டு என்று அவர் நிருபர்களிடம் சொன்னார். நாடே பதறியது. அதே ஏப்ரல் மாதத்தில், ஆட்டக்காரர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடலாம் என்று சங்கம் முடிவு செய்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஓபானன் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. சங்கத்தின் கட்டுப்பாடு, வியாபாரப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு விரோதம் என்றார் நீதிபதி கிளாடியா வில்கன். அணையில் விழுந்த முதல் கீறல் அது.

9 நீதிபதிகளும் ஒரே குரலில்

அணை உடைந்தது 2021-ல். ஜூன் 21-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு வழக்கில் தீர்ப்புக் கூறியது. ஷான் ஆல்ஸ்டன் என்ற கால்பந்து வீரர் பெயரில் நடந்த வழக்கு அது. 9 நீதிபதிகளும் சங்கத்துக்கு எதிராக ஒன்று சேர்ந்தார்கள். தீர்ப்பு என்னவோ படிப்பு சம்பந்தமான சலுகைகளைப் பற்றித்தான். ஆனால் நீதிபதி கவனா தனியாகக் காரசாரமாக எழுதினார். தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுப்பதில்லை என்று முதலாளிகள் கூடிப் பேசிக் கொள்வது வேறு எந்தத் தொழிலிலும் செல்லாது, சங்கம் மட்டும் சட்டத்துக்கு மேற்பட்டதா என்று கேட்டார்.

பத்தே நாளில், ஜூலை 1-ந் தேதி, கதவு திறந்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று விதி மாறியது. அன்றைக்கே ஹன்னா, ஹேலி காவிண்டர் என்ற இரட்டைச் சகோதரிகள் ஒரு டெலிபோன் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். கூடைப்பந்து ஆடும் பெண்கள் அவர்கள்.

2024-ல் அதே வீடியோ கம்பெனி கால்பந்து ஆட்டம் ஒன்றை வெளியிட்டது. இந்தத் தடவை பெயரோடு. சம்மதித்த ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 600 டாலர்.

விளம்பரப் பணம் வெளியிலிருந்து வருவது. கல்லூரியே நேராகச் சம்பளம் கொடுக்கும் நாளும் வந்தது. கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரர் 2020-ல் தொடுத்த வழக்கில், 2025 ஜூன் 6-ந் தேதி சமரசம் உறுதி ஆயிற்று. உறுதி செய்தவர் அதே நீதிபதி வில்கன். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பாக்கியாக சுமார் 280 கோடி டாலர், 10 ஆண்டுகளில் கொடுக்க வேண்டும். இப்போது ஆடுகிறவர்களுக்கு ஒரு கல்லூரி முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பங்கு கொடுக்கலாம். நம் பணத்தில் சுமார் 180 கோடி ரூபாய்!

வெளிநாட்டிலிருந்து போய் ஆடுகிறவர்களுக்குத்தான் சங்கடம். படிக்க வந்தவர் வேலை செய்யக் கூடாது என்பது விசா சட்டம். 7 அடி 4 அங்குல உயரமுள்ள கனடா நாட்டு சாக் ஈடி, பர்டியூ பல்கலைக்கழகத்தில் பெரிய நட்சத்திரமாக இருந்தார். கூட ஆடியவர்கள் விளம்பரத்தில் சம்பாதித்தார்கள். அவர் அதே மாதிரி சம்பாதிக்க முடியவில்லை.

கல்லூரி விட்டுக் கல்லூரி

பணம் வந்ததும் தாவலும் வந்தது.

முன்பெல்லாம் பெரிய ஆட்டங்களில் ஒருவன் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். பயிற்சியாளர் மட்டும் இன்று இங்கே, நாளை அங்கே என்று பறக்கலாம். மாணவனைத் தண்டித்து வாத்தியாரைத் தட்டிக் கொடுக்கும் சட்டம்! 2018-ல் பெயர்ப் பதிவேடு ஒன்று வந்தது. மாற விரும்புகிறவன் அதில் பெயரைப் பதிந்தால் போதும். மற்றக் கல்லூரிகள் அவனைக் கூப்பிடலாம். 2021-ல் ஒரு தடவை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024-ல் எத்தனை தடவை மாறினாலும், பாடத்தில் தேறியிருந்தால் உடனே ஆடலாம் என்று ஆகி விட்டது.

பிறகு கேட்க வேண்டுமா?

2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் நகரப் பல்கலைக்கழகம் வரிசையாக மூன்று கால்பந்து ஆட்டங்களை வென்றது. கோஷ்டியை நடத்திய மாத்யூ ஸ்லூகா திடீரென்று விலகினார். பேசிய ஒரு லட்சம் டாலரைத் தரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படிச் செல்லத்தக்க ஒப்பந்தமே இல்லை என்றது பல்கலைக்கழகம். வாய்ப் பேச்சை நம்பினால் கோர்ட்டு என்ன செய்யும்?

டென்னசி பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நட்சத்திரம் நிக்கோ இயாமலேயவா. 2025 ஏப்ரலில் சம்பளத் தகராறு என்று பத்திரிகைகள் எழுதின. அவர் பயிற்சிக்கு வரவில்லை. பயிற்சியாளர், கோஷ்டியை விட ஆள் பெரிதல்ல என்று சொல்லி அவரை விட்டு விட்டார். நிக்கோ போய்ச் சேர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம். ஓபானன் ஆடிய அதே இடம். அங்கே அந்த வேலைக்கு ஏற்கனவே ஜோயி அகிலார் என்பவர் இருந்தார். அவரும் வேறு கல்லூரியிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நிக்கோ உள்ளே வந்ததும் அகிலார் வெளியே கிளம்பினார். எங்கே போனார் தெரியுமா? டென்னசிக்கு! மாட்டுச் சந்தையில் ஜோடி மாற்றிக் கொண்ட மாதிரி ஆயிற்று.

எல்லாம் தீமை என்று சொல்லி விட முடியாது. இந்தியானா பல்கலைக்கழகம் கால்பந்தில் தோற்பதற்கே பெயர் போனது. அங்கே புதிதாக வந்த பயிற்சியாளர், தன் பழைய கல்லூரியிலிருந்து 13 பேரைக் கூடவே கூட்டி வந்தார். பிறகு கலிபோர்னியாவிலிருந்து பெர்னாண்டோ மெண்டோசா என்பவர் மாறி வந்தார். 2025 டிசம்பரில் நாட்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரர் என்ற பரிசு அவருக்கே கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முன் யாருமே அந்தப் பரிசை வாங்கியதில்லை.

ஆனால் பதிவேட்டில் பெயர் எழுதும் ஆயிரக்கணக்கானவர்களில் எல்லாரும் மெண்டோசா அல்ல. பழைய இடத்தை விட்டு, புது இடமும் கிடைக்காமல் நடுத் தெருவில் நிற்பவர்கள் உண்டு. ஒரு கல்லூரியில் தேறிய பாடத்தை இன்னொரு கல்லூரி ஏற்காமல், பட்டம் தள்ளிப் போகிறவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பையனுக்கும் இடம் குறைகிறது. அனுபவப்பட்ட ஆள் விலைக்குக் கிடைக்கும்போது புதுப் பையனை யார் பழக்குவார்கள்?

சின்ன ஆட்டங்களின் கதி

கல்லூரிகள் கொடுக்கும் பங்குப் பணத்தில் பெரும் பகுதி கால்பந்துக்குப் போகிறது. அடுத்த பங்கு ஆண்கள் கூடைப்பந்துக்கு. மீதிதான் பெண்களுக்கும் மற்ற ஆட்டங்களுக்கும். சமரசத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. கால்பந்துக் கோஷ்டியில் 105 பேருக்கு மேல் கூடாது. முன்பு உபகாரச் சம்பளம் இல்லாமல், கல்லூரிப் பற்றுக்காக மட்டும் சேர்ந்து புழுதியில் புரண்ட பையன்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சீட்டுக் கிழிந்தது. நீதிபதி அதைக் கவனித்து, ஏற்கனவே இருந்தவர்களைக் காப்பாற்றும்படி சொன்ன பிறகுதான் சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

பென்சில்வேனியாவில் செயிண்ட் பிரான்சிஸ் என்று ஒரு சிறு பல்கலைக்கழகம். 2025 மார்ச்சில் அதன் கூடைப்பந்துக் கோஷ்டி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஊரெல்லாம் கொண்டாட்டம். அந்த ஆட்டத்தில் தோற்று வீடு திரும்பிய ஒரு வாரத்தில் அறிவிப்பு வந்தது. பெரிய வகுப்பிலிருந்து விலகி, விளையாட்டுக்கு உபகாரச் சம்பளமே இல்லாத மூன்றாம் வகுப்புக்குப் போகிறோம் என்று.

அதே மார்ச் மாதம் கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரிலுள்ள கால் பாலி பல்கலைக்கழகம், தன் நீச்சல் கோஷ்டியைக் கலைத்தது. ஆண்கள், பெண்கள் இரண்டையும். வரப் போகும் சமரசத்தின் செலவையும் காரணமாகச் சொன்னார்கள்.

அந்த வழக்கைப் போட்டவர் ஒரு நீச்சல் வீரர்.