மழைக் கணக்கும் கணினியின் பிடிவாதமும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். ஆயினும் இங்கே கொட்டும் நாளில் அங்கே தூறலோடு நிற்பதும், அங்கே வெள்ளம் ஓடும் நாளில் இங்கே வெயில் அடிப்பதும் உண்டு. இவ்விரு ஊர்களின் வடகிழக்குப் பருவமழையை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியராகிய நாங்கள் துணிந்தோம். செய்தித்தாளில் வந்த மழையளவுப் பட்டியல்களைத் தேடியெடுத்து இரண்டு குழுக்களாகத் தட்டச்சு செய்தோம். கணக்கைப் போட்டுக் கொடுப்பது கணினியின் வேலை என்று எண்ணியிருந்தோம். வேலை முழுவதும் எங்களுக்கே வந்து சேர்ந்தது!

எங்கள் பாடநூலில் பைத்தான் வழியே எஸ்.க்யூ.லைட் என்னும் தரவுத்தளத்தை வினவும் பாடம் உள்ளது. கணிதத்திற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது சேஜ் என்னும் மென்பொருள். வில்லியம் ஸ்டைன் என்னும் கணிதப் பேராசிரியர் 2005-இல் தொடங்கியது, விலையில்லாமல் கிடைப்பது, பைத்தானின் மேல் கட்டப்பட்டது. ஆகவே பாடநூல் வினவல்களை அப்படியே அதனுள் எழுதலாம் என்று நம்பினோம்.

முதல் வினவலுக்கே, "அப்படி ஓர் அட்டவணை இல்லை" என்று பதில் வந்தது. இரவெல்லாம் தட்டச்சு செய்தது எங்கே போயிற்று? பதறிப்போனோம். நடந்தது இதுதான். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிழை. எஸ்.க்யூ.லைட் கேட்ட பெயரில் கோப்பு இல்லையென்றால் குறை சொல்லாது. அதே பெயரில் வெறுங்கோப்பு ஒன்றைப் புதிதாக உண்டாக்கித் தந்துவிடும். வெற்றுப் பாத்திரத்தில் கரண்டியை விட்டுவிட்டுக் குழம்பு இல்லையே என்று அழுதிருக்கிறோம். கோப்பின் முழு முகவரியையும் எழுதியதும் அட்டவணை கிடைத்தது.

அடுத்த தொல்லை சற்று நுட்பமானது. ஆண்டு 2015 உள்ள பதிவுகளைக் கேட்டோம். "இவ்வகை மதிப்பை ஏற்க இயலாது" என்று மறுத்தது. 2015 ஓர் எண்தானே, இதில் என்ன வகை? பைத்தானில் தனியே எழுதினால் அது சாதாரண முழு எண். சேஜில் எழுதினால் அது கணித நூல்கள் சொல்லும் முழுவெண் கணத்தின் உறுப்பாக மாற்றப்பட்டுவிடுகிறது. அதனால்தான் சேஜில் ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று தேயாமல் 1/3 என்றே துல்லியமாக நிற்கிறது. கணிதத்திற்கு வரமானது தரவுத்தளத்திற்குப் புரியவில்லை. இன்ட்(2015) என்று உறையிட்டு அனுப்பினால் போதும். அல்லது எண்ணின் வாலில் ஆர் என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தை ஒட்டினாலும் போதும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இனி விடை வரும், ஆனால் தவறாக வரும். பிழைச்செய்தி வந்தால் நல்லது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

2015 நவம்பர் 9 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது; கடலூர் மாவட்டம் தத்தளித்தது. அந்த நாளை வினவினால் எங்கள் பட்டியலில் அத்தகைய பெருமழையே இல்லை. இதைக் கேட்ட ஒரு தோழியின் தாயார், "அன்னைக்கு நம்ம வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. உங்க மிஷினு மழையே இல்லேங்குதா?" என்று கேட்டுவிட்டார். அவர் சொன்னதே சரி. மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்கிறார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் பெய்ததெல்லாம் அளந்த நாளின் கணக்கில் ஏறும். ஆகவே 9-ஆம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டிய மழை 10-ஆம் தேதியின் வரியில் பத்திரமாக இருந்தது. வினவலில் பிழையில்லை, கேட்ட நாங்கள்தான் நாளை அறியாதவர்கள்.

மிக அதிக மழை எது என்று கேட்டபோது சிதம்பரத்திற்கு வந்த விடையையும் நாங்கள் நம்பவில்லை. அந்த அட்டவணையை அமைத்த குழு, மழையளவுப் புலத்தை எண் என்று அறிவிக்காமல் எழுத்து என்று அறிவித்திருந்தது. அகராதி வரிசையில் 96 என்பது 210-க்குப் பின்னால் வரும், 9 என்பது 2-க்குப் பின் வருவதால். கணினியும் 96 தான் பெரிது என்று சாதித்தது. கடலூர் அட்டவணையில் வேறு கோளாறு. செய்தித்தாள் கிடைக்காத நாள்களை வெற்றெழுத்தாக விட்டிருந்தோம். சராசரி காணும்போது எஸ்.க்யூ.லைட் அதைச் சுழி மழை என்று எண்ணிவிடுகிறது, சராசரி தாழ்ந்துவிடுகிறது. மழை பெய்யாத நாள் வேறு, நமக்குத் தெரியாத நாள் வேறல்லவா? தெரியாததை நல் என்று குறித்தால் அதை விலக்கிவிட்டுச் சராசரி காணும். டைப்ஆஃப் என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு மதிப்பும் எண்ணா, எழுத்தா, நல்லா என்று சொல்லிவிடும். கணக்கில் இறங்குமுன் அதைப் போட்டுப் பார்த்திருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும்.

மற்ற ஊர்களையும் சேர்த்தபோது கொத்தவாச்சேரி வரவில்லை. 'கொ' என்னும் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு ஊர். மாவட்டப் பெயரிலும் சிக்கல்தான். 1993-க்கு முந்தைய பதிவுகளில் கடலூர் மாவட்டம் ஏது? அவை தென்னார்க்காட்டில் கிடந்தன.

எங்கள் அருட்சகோதரி ஒருவர் எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவில் 1965-இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஒரு கன்னியர், மேரி கென்னத் கெல்லர் என்று சொன்னார். அவருடைய ஆய்வும் கணினியைக் கணிதம் செய்ய வைப்பது பற்றியதே. அவரும் இப்படித் தலையில் கை வைத்து அமர்ந்திருப்பாரோ என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

வரைபடம் இப்போது கணினி அறையின் சுவரில் இருக்கிறது. 2015 நவம்பர் 10-இல் கடலூர்க் கோடு மேலே எழும்பி நிற்கிறது. பெற்றோர் தினத்தன்று தோழியின் தாயார் வந்து பார்த்தார். "இதுதான், இதேதான்" என்று அந்த இடத்தில் விரலை வைத்தார்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவியர்