அடிமையும் அன்றாடங்காய்ச்சியும்

கூலி வேலைக்குப் போறவங்களைக் குறிக்க எங்க அப்பத்தாகிட்ட ரெண்டு சொல் இருந்தது. ஒண்ணு படியாள், இன்னொண்ணு அன்றாடங்காய்ச்சி. படியாள்னு சொல்லும்போது குரல்ல இரக்கம் இருக்கும். அன்றாடங்காய்ச்சின்னா பயம். சின்ன வயசுல எனக்கு இது புரிஞ்சதே இல்லை. படியாள் ஒரு வீட்டுக்குக் கட்டுப்பட்டவர், கேட்காம ஊரைவிட்டுப் போக முடியாது. அன்றாடங்காய்ச்சியை யாரும் தடுக்க முடியாது. அப்படின்னா பயம் அந்தப் பக்கம்தானே இருக்கணும்?

தமிழக அடிமை முறை பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பயத்தின் கணக்கு பிடிபட்டது. அடிமை முறை என்றதும் ஆண்டான், அடிமை என்று இரண்டு பேரைத்தான் நினைக்கிறோம். மூன்றாவதாக ஒருவர் இருந்தார். யாருக்கும் சொந்தமில்லாத, சொந்தமாக எதுவும் இல்லாத ஏழை. இந்தக் குறிப்பு அவரைப் பற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் பண்ணை அடிமைத்தனம் எங்கே அடர்த்தியாக இருந்தது? காவிரி, தாமிரபரணி, பாலாறு பாய்ந்த நெல் வயல்களில். காரணம் எளிது. ஆற்றுப் பாசனத்தில் உழவு, நடவு, களை, அறுப்பு என்று ஆண்டின் பெரும்பகுதி ஆள் தேவை. நடவு நேரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் மகசூல் போச்சு. அதனால் நிலத்துக்காரர் ஆளைக் கட்டி வைத்தார். கட்டி வைத்ததால் ஆண்டு முழுக்க ஏதோ கொஞ்சம் தானியம் அளக்க வேண்டியிருந்தது.

எங்க கொட்டாம்பட்டிப் பக்கம் அப்படியில்லை. வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைஞ்சா நெல்லு, இல்லேன்னா வரகு, கேழ்வரகு, சோளம். பெரியாறு அணை 1895-ல் திறந்த பிறகு மேலூர் வட்டாரத்துக்குத் தண்ணி வந்தது. அதுக்கு முன்னாடி எல்லாமே மழை விட்ட வழிதான். இப்படிப்பட்ட ஊரில் ஒருவரை ஆண்டு முழுக்க வைத்துச் சோறு போடுவது நிலத்துக்காரருக்கு நஷ்டம். மழை பெய்தால் கூப்பிடுவார், பெய்யாவிட்டால் கூப்பிடமாட்டார். ஆக, புன்செய்க் காட்டில் கூலியாள் சுதந்திரமாக இருந்ததற்கு யாருடைய தர்ம சிந்தனையும் காரணமில்லை. அவருக்குச் சோறு போடும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமல்ல. ரோமானிய எழுத்தாளர் வர்ரோ, நோய் பரவும் நிலங்களில் அடிமைகளை விடக் கூலியாட்களை வைத்து வேலை வாங்குவதே நல்லது என்று பண்ணையாருக்கு யோசனை சொல்கிறார். அடிமை செத்தால் முதல் போய்விடும், கூலியாள் செத்தால் முதலாளிக்கு ஒன்றும் போகாது. 1850களில் அமெரிக்கத் தென் மாநிலங்களைச் சுற்றிப் பார்த்த ஓம்ஸ்டெட் இதையே நேரில் கண்டார். அலபாமாவில் நீராவிப் படகில் பஞ்சுப் பொதி ஏற்றும்போது, மேலேயிருந்து உருட்டிவிடுவது கறுப்பின அடிமைகள்; கீழே நின்று பிடிப்பது அயர்லாந்துக் கூலிகள். அடிபடும் இடம் கீழேதான். அடிமைக்கு விலை உண்டு, அயர்லாந்துக்காரருக்கு விலை இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த விளக்கம்.

இதை வைத்து "அப்போ அடிமையே நல்லா இருந்தாரா?" என்று கேட்டால், இல்லை. அமெரிக்க அடிமை முதலாளிகளுக்காக வாதாடியவர்கள் சொன்னதும் இதைத்தான். அடிமைக்குப் போட்ட சோறு உழவு மாட்டுக்குப் போட்ட தீனி மாதிரி. அவரை அடிக்கலாம், விற்கலாம், பிள்ளையைப் பிரிக்கலாம். கூலியாளின் நிலையைக் கெடுத்ததும் அந்த முறைதான். பக்கத்திலேயே கட்டுண்ட ஆட்கள் இருக்கும்போது, கூலியைக் கூட்டிக் கேட்கும் ஆளுக்கு என்ன மதிப்பு? அமெரிக்க ஏழை வெள்ளையருக்குத் தோல் நிறமாவது ஆறுதலாக இருந்தது. இங்கே கூலியாட்களில் பலர் அடிமைகளின் சாதியிலேயே பிறந்தவர்கள். ஆளை விற்க முடியாதே தவிர, குளம், தெரு, கோயில் எல்லாவற்றிலும் அதே தடைதான்.

இரண்டு பேருக்கும் நடுவே இருந்த கோடும் மெல்லியது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201-ல், திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு ஒன்று சொல்லும் செய்தி இது: பஞ்ச காலத்தில் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். வேளாளர் என்பதைக் கவனியுங்கள். பிறப்பால் அடிமையில்லை, பசியால் அடிமை.

1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஐந்தாம் சட்டத்தைப் போட்டது. வரிபாக்கிக்காக எந்த அதிகாரியும் ஆளை விற்கக்கூடாது, அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் நிலமும் தரவில்லை, கூலியும் நிர்ணயிக்கவில்லை. நேற்றுவரை அடிமையாக இருந்தவர் ஒரே நாளில் அன்றாடங்காய்ச்சி ஆனார். கல்யாணத்துக்கோ சாவுக்கோ முன்பணம் வாங்கினார். கடன் தீரும்வரை அதே பண்ணை. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் தண்டனை என்று 1859-ல் இன்னொரு சட்டமும் வந்தது. 1868-ல் மதுரைச் சீமை பற்றிய பெரிய நூலை எழுதிய ஜே.எச். நெல்சன், இங்குள்ள உழவுக்கூலிச் சாதியினர் பேருக்குத்தான் சுதந்திரமானவர்கள், மற்றபடி அடிமைகளே என்ற பொருளில் எழுதுகிறார். சட்டம் வந்து 25 வருஷம் கழித்து.

தப்பிக்க ஒரு வழி இருந்தது, நடப்பது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஆட்கள் கங்காணி பின்னால் கடற்கரைக்கு நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை போனார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்தவர்களுக்கு அங்கே காத்திருந்தது கங்காணிக் கடன். அந்தக் கடனை எழுதிய "துண்டு" இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது.

இந்தியாவில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதற்குப் பிறகும் மதுரை மாவட்டத்துச் சிறுவர்களை முன்பணம் கொடுத்து வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சங்கிலி அதேதான், முன்பணம்.

நூறு நாள் வேலையைச் சோம்பேறித் திட்டம்னு எங்க ஊர்லயே பலர் சொல்லக் கேட்டிருக்கேன். எனக்கு அது வேற மாதிரி தெரியுது. மழையில்லாத மாசத்தில் அன்றாடங்காய்ச்சி வீட்டு அடுப்பு எரிவது அரசாங்கத்தின் பொறுப்பு என்று சொன்னது 2005-ல் வந்த அந்தச் சட்டம். போக விடுவது மட்டும் விடுதலை ஆகாது. போகிற வழியில் கஞ்சி வேணும். அப்பத்தா பயந்தது அதுக்குத்தான்.