சவுண்டைக் கூட்டினால் சார்ஜ் குறையுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு சாப்ட்வேர் அமைக்கும் வேலை எனக்கு. சென்னை மூர் மார்க்கெட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம். மீஞ்சூரில் ஏறும் நண்பர் ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, எம்பி3 பிளேயரில் பாட்டுகளை காப்பி செய்து கேட்கிறார். "வால்யூமை புல்லா வைச்சா சார்ஜ் சீக்கிரம் தீருமா சார்?" என்று கேட்டார்.

தீரும். ஆனால் எல்லா அளவிலும் ஒரே மாதிரி இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

உங்கள் பிளேயரில் 3.7 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அது 20 மணி நேரம் பாடினால் செலவாவது சுமார் 55 மில்லிவாட். இதில் பெரும்பகுதி, எம்பி3 பைலைப் படித்து ஒலியாக மாற்றும் சிப்புகளுக்கே போய்விடும்.

இயர்போனுக்கு எவ்வளவு? 1 மில்லிவாட்டில் 100 டெசிபல் தரும் இயர்போனுக்கு, 80 டெசிபலுக்கு 0.01 மில்லிவாட் போதும். ஆனால் ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் மின்சாரம் பத்து மடங்காகும். 110 டெசிபலில் இரண்டு காதுக்கும் சேர்த்து 20 மில்லிவாட். ஆம்ப்ளிபையரில் வீணாவது தனி. ஆகவே குறைந்த வால்யூமில் ஓரிரு புள்ளி கூட்டினால் சார்ஜில் வித்தியாசம் தெரியாது. கடைசிப் புள்ளிகள்தான் பேட்டரியைத் தின்னும்.

அதைவிட முக்கியம் காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபலில் வாரத்துக்கு 20 நிமிடம்தான். நண்பரோ ரயில் இரைச்சலை மீற தினமும் புல் வால்யூம் வைக்கிறார். போதாததற்கு, நாள் முழுவதும் மெஷின் சத்தத்தில் வேலை. இரவில் காதில் 'கொய்' என்று கேட்கிறதாம். காது டாக்டரிடம் போகச் சொன்னேன். பேட்டரியை மாற்றலாம், உள்காதில் அழிந்த செல்கள் திரும்ப வளராது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை உள்ள இயர்போன் வாங்குங்கள். வெளிச்சத்தம் குறைவதால் குறைந்த வால்யூமே போதும்.
* திரை வெளிச்சம் சில விநாடிகளில் அணையும்படி செட் செய்யுங்கள்.
* சில பாட்டுகள் மட்டும் மெதுவாக ஒலித்தால், கம்ப்யூட்டரில் எம்பி3கெயின் என்ற இலவச சாப்ட்வேர் மூலம் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிட்டு காப்பி செய்யுங்கள்.