ஸ்டாலின்கிராடு மாறியது, ஸ்டாலின்கள் மாறவில்லை

1932இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய பெரியார், பெயர் சூட்டச் சொல்லித் தன்னிடம் கொடுத்த குழந்தைகளுக்கு ‘ரஷ்யா’, ‘மாஸ்கோ’ என்று பெயர் வைத்தார். பெயரைக் கேட்டதுமே இன்ன தெருக்காரர் என்று கண்டுகொண்டு, திண்ணைக்குக் கீழே நிறுத்திய காலம் அது. சாமியும் சாதியும் ஒட்டாத பெயருக்குத் தனித்தமிழ் ஒரு வழி என்றால், கடல் கடந்த பெயர் இன்னொரு வழி.

1953 மார்ச் 1 அன்று கருணாநிதிக்கு மகன் பிறந்தார். ‘அய்யாதுரை’ என்று பெயர் வைப்பதாக எண்ணம். அய்யா பெரியார், துரை அண்ணாதுரை. மார்ச் 5இல் ஜோசப் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்டத்தில் பேசிய தந்தை, மகனுக்கு அந்தப் பெயரையே அறிவித்துவிட்டார். பொதுவுடைமைக் குடும்பங்களிலும் லெனின்கள் பிறந்தார்கள். 1961இல் யூரி ககாரின் விண்வெளிக்குப் போனார், 1963இல் வாலண்டினா தெரஷ்கோவா போனார். அந்தப் பெயர்களும் நம் வீடுகளுக்குள் வந்தன.

வந்த பெயரை நம் ஊர் தன் வழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டது. லெனினும் ஸ்டாலினும் பெற்றோர் வைத்த பெயர்களே அல்ல, புரட்சிக் காலப் புனைபெயர்கள். இங்கேயோ அவை அப்பாவின் இனிஷியலோடு பள்ளி வருகைப் பதிவேட்டில் ஏறின. அடுத்த தலைமுறையில் லெனினே ‘லெ.’ என்ற இனிஷியலாகி, பேரப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கிறார். கிராமத்துப் பாட்டி வாயில் ஸ்டாலின் ‘இஸ்டாலின்’தான்.

1956இல் ஸ்டாலின் காலக் கொடுமைகளைச் சோவியத் தலைவர் குருஷேவே கட்சி மாநாட்டில் எடுத்துச் சொன்னார். 1961இல் ஸ்டாலின்கிராடு வோல்கோகிராடு ஆனது. 1991இல் லெனின்கிராடு பழையபடி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆனது. இங்கே யாரும் கெஜட்டில் பெயரை மாற்ற வரிசையில் நிற்கவில்லை. அதில் எனக்கு வியப்பில்லை. அந்தத் தகப்பன்மார்கள் ஒரு தனி மனிதரை மட்டும் நினைத்து அந்தப் பெயரை வைக்கவில்லை. தன் பிள்ளை யாருக்கும் கைகட்டி நிற்கக் கூடாது என்று நினைத்து வைத்தார்கள்.

இன்று எண் கணிதம் பார்த்து, இணையத்தில் தேடி, எந்த மொழி என்றே தெரியாத பெயர்களை வைக்கிறோம். அந்நிய மொழிப் பெயர் என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. பிள்ளை வளர்ந்து “ஏம்பா எனக்கு இந்தப் பேரு?” என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காலத்துத் தோழர்களிடம் அது இருந்தது.

உங்கள் தெருவில் ஒரு லெனினோ வாலண்டினாவோ இருந்தால், பெயர் வைத்த பெரியவர் இருக்கும்போதே அந்தக் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள்.