பழக்கடையிலிருந்து ஒளிபரப்புக் கூடத்துக்கு
கேரி லினேகர் (பிறப்பு: 1960, லெஸ்டர்)

லெஸ்டர் சந்தையில் லினேகர் குடும்பத்தார் பழம், காய்கறிக் கடை நடத்தினார்கள். அந்த வீட்டுப் பையன் 1979 ஜனவரியில் லெஸ்டர் சிட்டி கால்பந்து அணிக்காக முதன்முதலில் களமிறங்கினார். பிறகு எவர்ட்டன், பார்சிலோனா, டாட்டன்ஹாம். கடைசியாக ஜப்பானின் நகோயா.

1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் கையில் கட்டுடன் ஆடி, 6 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்றார். போலந்துக்கு எதிராக மட்டும் மூன்று. மூன்றும் முதல் பாதியிலேயே. தொலைவிலிருந்து பந்தை இடியாக உதைப்பவர் அல்லர். அது எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே கணித்து, கோல் வாசலருகே போய் நிற்பவர். பார்க்க எளிது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

இங்கிலாந்துக்காக 80 ஆட்டங்கள், 48 கோல்கள். பாபி சார்ல்டனின் அன்றைய சாதனை 49. 1992-இல் வெம்பிளியில் பிரேசிலுக்கு எதிராகக் கிடைத்த பெனால்டியை மெல்லத் தூக்கிவிடப் பார்த்தார். பந்து கோல்கீப்பர் கையில் அடங்கியது. அந்த ஒரு கோல் பிறகு வரவேயில்லை. தம் ஆட்டக்காலம் முழுவதும் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காதவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

1999 முதல் 2025 வரை பிபிசியின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சியைத் தொகுத்தளித்தார். லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் பட்டம் வென்றால் உள்ளாடையுடன் நிகழ்ச்சி நடத்துவேன் என்று ட்விட்டரில் வாய்விட்டிருந்தார். 2016-இல் அணி வென்றது. ஆகஸ்டில், சொன்னபடியே வந்து நின்றார்.